பொம்மை முகம் கவிழ்ந்தா தங்கம் போச்சு! - ராணுவ வீரர்களின் ‘லைஃப்சேவிங்’ போட்டியை நடத்துவது எப்படி?

நீச்சல் போட்டின்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? விசில், டைவ், எட்டு லேன், சுவரை முதலில் தொட்டவருக்குத் தங்கம். இப்போ அதே குளத்தில் ஒரு சின்ன மாற்றம். பாதி தூரத்தில், தண்ணிக்கு அடியில், லேனுக்கு ஒன்றாக எட்டு பொம்மைகள் மல்லாந்து கிடக்கின்றன. வீரர் 25 மீட்டர் நீந்தி வந்து, மூச்சைப் பிடித்து உள்ளே மூழ்கி, தன் பொம்மையை அள்ளி, அணைத்தபடியே மிச்ச 25 மீட்டரைக் கடக்கணும்.

ஒருவர் எல்லோரையும் முந்தி சுவரைத் தொடுகிறார்னு வெச்சுக்கோங்க. கேலரி எழுந்து நின்று கத்துகிறது. ஆனா, நடுவர் உதட்டைப் பிதுக்குகிறார். கடைசி சில மீட்டரில் பொம்மை குப்புறத் திரும்பி, முகம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. டிஸ்குவாலிஃபை! நிஜ மனுஷனா இருந்தா மூச்சு விட முடியாம செத்திருப்பார் இல்லையா? அதுதான் இங்கே கணக்கு.

இதுக்குப் பேர் லைஃப்சேவிங் ஸ்போர்ட். உயிர்காப்பு விளையாட்டு. பல நாட்டு ராணுவ வீரர்கள் இதற்காகவே ஒரே குளத்தில் கூடிப் போட்டி போடுகிறார்கள். அப்படி ஒரு போட்டியை நடத்தணும்னா என்னவெல்லாம் வேணும், எதுக்காக அவ்வளவு மெனக்கெடணும்... வாங்க, பார்த்துடலாம்.

ராணுவத்துக்கு இங்கே என்ன வேலை?

சர்வதேச ராணுவ விளையாட்டு கவுன்சில் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. சுருக்கமா சி.ஐ.எஸ்.எம். இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948 பிப்ரவரி 18 அன்று, பிரான்ஸின் நீஸ் நகரத்தில் ஐந்து நாடுகள் சேர்ந்து ஆரம்பித்தது. பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க், டென்மார்க். பின்னாளில் ஜெர்மனியும் வந்து சேர்ந்தது. இன்றைக்கு சுமார் 140 நாடுகள். ‘விளையாட்டின் வழியே நட்பு’ என்பது இவர்களுடைய வாசகம். ராணுவ உலக விளையாட்டுப் போட்டிகளை நடத்துவது இந்த அமைப்புதான். 2007-ல் நம்ம ஹைதராபாத்தில்கூட நடந்தது. 2019-ல் சீனாவின் வூஹானில் நடந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 9,000-க்கும் அதிகமான வீரர்கள் வந்தார்கள். ராணுவ நீச்சல் சாம்பியன்ஷிப்பில் வழக்கமான ஃப்ரீஸ்டைல், பட்டர்ஃப்ளை பிரிவுகளோடு லைஃப்சேவிங்கும் சேர்ந்தே நடக்கும். இத்தாலியக் கடற்படையில் பிறந்த ‘நேவல் பென்டத்லான்’ என்ற ஐந்து அம்சப் போட்டியிலும் ஓர் அம்சம் உயிர்காப்பு நீச்சல்தான்.

சுட்டு வீழ்த்தப் பயிற்சி எடுத்தவங்க எதுக்கு பொம்மையைக் காப்பாத்துறாங்கன்னு நீங்க கேட்கலாம். அதுக்குப் பதில் ஜெர்மனியின் ஒரு கடற்கரையில் இருக்கிறது.

1912 ஜூலை 28. பால்டிக் கடலில் இருக்கும் ரூகன் தீவு, பின்ஸ் என்ற சுற்றுலா ஊர். கப்பலில் ஏறவும் வேடிக்கை பார்க்கவும் மரப்பாலத்தின் முனையில் கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது. திடீர்னு பாலத்தின் முனை உடைந்து, அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் கடலில் விழுந்தார்கள். அந்தக் காலத்து ஜெர்மனியில் நீந்தத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சில பேர் மட்டுமே. அருகில் தற்செயலாக இருந்த கடற்படை மாலுமிகள் தண்ணீரில் இறங்கிப் பலரைக் கரை சேர்த்தார்கள். அப்படியும் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அந்த அதிர்ச்சியில்தான் அடுத்த ஆண்டே, 1913 அக்டோபரில், லைப்ஸிக் நகரத்தில் ஜெர்மன் உயிர்காப்புச் சங்கம் உருவானது. இன்றைக்கு உலகத்தின் மிகப் பெரிய தன்னார்வ நீர்மீட்பு அமைப்புகளில் அது ஒன்று.

அந்த சங்கமும் ஜெர்மனி ராணுவமும் இன்றைக்கும் கைகோத்தே நிற்கின்றன. வாரன்டார்ஃப் என்ற சின்ன ஊரில் ஜெர்மனி ராணுவத்தின் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. குதிரைகளுக்குப் பேர் போன ஊர். சங்கத்தின் சர்வதேச ‘ஜெர்மனி கோப்பை’ உயிர்காப்புப் போட்டி பல ஆண்டுகள் அந்த ராணுவப் பள்ளியின் நீச்சல் குளத்தில்தான் நடந்தது.

முதல்ல பொம்மை வாங்கணும்!

சரி, போட்டி நடத்தும் பொறுப்பை உங்க தலையில கட்டிட்டாங்கன்னு வெச்சுக்குவோம். ஒலிம்பிக் தரத்தில் குளம் இருக்கு, டைமிங் கருவி இருக்கு. போதுமா? போதாது.

பொம்மைகள் வேணும். சுமார் ஒரு மீட்டர் உயரம், தலையிலிருந்து இடுப்பு வரைக்குமான பிளாஸ்டிக் உடம்பு. காலியாக இருந்தால் லேசு. ஆனா மூழ்கிக் கிடக்க வேண்டிய பிரிவுகளுக்கு முழுக்கத் தண்ணீர் நிரப்பி மூடி போடுவார்கள். அதைக் கரையில் ஒத்தை ஆள் தூக்குவது சிரமம். இழுத்துச் செல்லும் பிரிவுக்கு அதே பொம்மை மிதக்கணும். அதனால தண்ணீரின் அளவைக் குறைத்து, மார்பில் இருக்கும் கோடு நீர்மட்டத்துக்கு வருகிற மாதிரி சரிபார்க்கணும். ஒரு லேனில் மட்டும் பொம்மை கொஞ்சம் கனம் கூடினாலும் புகார் வந்துடும். ‘நம்ம ஆளு தோத்ததுக்குக் காரணம் பொம்மைதான்’னு எந்தக் கோச்சும் எழுதிக் கொடுப்பார்!

ஒரு சுற்று முடிந்ததும் எட்டு பொம்மையும் குளத்தின் மறுகோடியில் கிடக்கும். அதையெல்லாம் பழையபடி நடுக்குளத்துக்கு இழுத்து வந்து, மல்லாக்க, தலை முடிவுச் சுவர் பக்கம் இருக்கிற மாதிரி அடியில் படுக்க வைக்கணும். அதுக்குன்னே தண்ணீரிலேயே ஊறிக்கிடக்கும் ஒரு குழு தேவை. டிவியில் இவங்களைக் காட்டவே மாட்டாங்க. ஆனா, அட்டவணை தள்ளிப்போகுதா இல்லையா என்பது முழுக்க இவங்க கையில்தான் இருக்கு.

அடுத்து, வலை. 200 மீட்டர் தடை நீச்சலில், ஒவ்வொரு சுவரிலிருந்தும் 12.5 மீட்டரில் ஒரு தடுப்பு குறுக்கே தொங்கும். நீர்மட்டத்திலிருந்து 70 சென்டிமீட்டர் ஆழம். வீரர் அதற்கு அடியில் புகுந்து வெளியே வரணும். மொத்தம் எட்டு முறை. மேலே தாண்டினால் அவுட். ஒவ்வொரு தடுப்பையும் கடந்ததும் மேலே வந்து தலையைக் காட்டவும் வேணும். கவிழ்ந்த படகு, மிதக்கும் குப்பை, உடைந்த பலகை இதையெல்லாம் மனசில் வைத்து உருவானது. தரையில் முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்து பழகிய சிப்பாய்க்கு இதைப் புரிய வைக்கத் தனியாக வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

குளத்தின் ஆழமும் முக்கியம். பொம்மை கிடக்கும் இடத்தில் 1.8 மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரை இருக்கணும். ரொம்ப ஆழம் குறைவாக இருந்தால் டைவ் அடிப்பவர் தலை தரையில் மோதும். ரொம்ப ஆழமாக இருந்தால் போட்டியே வேற ஆயிடும். நம்ம ஊரில் பல குளங்கள் ஒரு கோடியில் இடுப்பளவு, மறுகோடியில் ஆள் முழுகும் ஆழம்னு சரிவா இருக்கும். அதில் இந்தப் போட்டியை நடத்துறது கஷ்டம்.

காப்பாற்றுகிறவரை யார் காப்பாற்றுவது?

குளம் முழுக்க உயிர் காக்கத் தெரிந்தவர்கள். அவங்களுக்கு எதுக்கு லைஃப்கார்டு? இந்தக் கேள்வி சிரிப்பா தோணலாம். ஆனா, நடத்துபவர்கள் அதிகம் பயப்படுவதே இதுக்குத்தான்.

‘ரெஸ்க்யூ மெட்லி’ன்னு ஒரு பிரிவு. 50 மீட்டர் வேகமாக நீந்தி, திரும்பி, அப்படியே நீருக்கு அடியிலேயே போய் பொம்மையை எடுக்கணும். நடுவில் மேலே வந்து மூச்சு விட அனுமதி இல்லை. நுரையீரல் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் மூச்சை அடக்கணும். சிலர் பயிற்சியில் மூச்சை வேகவேகமாக இழுத்து விட்டுட்டு இறங்குவாங்க. அப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்துவிடும். ‘மூச்சு விடு, மூச்சு விடு’ன்னு உடம்பை விரட்டுவதே அந்த கார்பன் டை ஆக்ஸைடுதான். அது குறைந்தால் எச்சரிக்கை மணி அடிக்காது. ஆக்ஸிஜன் தீர்ந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் நீருக்கு அடியிலேயே மயக்கம் வந்துவிடும். மேலேயிருந்து பார்த்தால் ஆள் அமைதியாக நீந்துற மாதிரியே தெரியும். அதனால்தான் போட்டி நேரத்தில் மட்டுமில்லை, பயிற்சி நேரத்திலும் லேன்களைக் கவனிக்க ஆள் நிறுத்தணும். மருத்துவரும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் குளத்தின் ஓரத்திலேயே இருக்கணும். நண்பர்களோடு ‘யாரு ரொம்ப நேரம் தண்ணிக்குள்ள இருக்கான்னு பார்க்கலாமா’ன்னு பந்தயம் கட்டுற பழக்கம் உங்களுக்கு இருந்தா, இதை ஒரு தடவை திரும்பப் படிச்சுடுங்க.

இன்னொரு சுவாரஸ்யமான பிரிவு, திடீர் விபத்துப் போட்டி. இது பொதுவான உயிர்காப்புச் சாம்பியன்ஷிப்களில் உண்டு. நான்கு பேர் கொண்ட அணியைத் தனி அறையில் அடைத்துவிடுவார்கள். செல்போன் கிடையாது. வெளியே என்ன நடக்குதுன்னு தெரியாது. கதவு திறந்து குளத்துக்கு வந்தால், ஒருவர் கத்திக்கொண்டே தத்தளிப்பார். ஒருவர் கை உடைந்து மிதப்பார். ஒருவர் சத்தமே இல்லாமல் மூழ்கிக்கொண்டிருப்பார். எல்லாம் நடிகர்கள். இரண்டே நிமிஷம். யாரை முதலில் பார்க்கிறீர்கள், யாருக்கு என்ன சொல்கிறீர்கள் என்பதற்கு மதிப்பெண். ரொம்ப சத்தம் போடுபவரிடம் நான்கு பேரும் ஓடிப் போகும் அணி இங்கே அடி வாங்கும். கத்துபவருக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. நடத்துபவர்களுக்கு இதில் பெரிய தலைவலி ரகசியம். முதலில் முடித்த அணி, காத்திருக்கும் அணிக்குக் கண்ணைக் காட்டிவிட்டால்கூட எல்லாம் வீணாகிவிடும்.

சல்யூட்டுக்கு லீவு

ராணுவப் போட்டி என்பதால் கூடுதலாகச் சில விஷயங்கள் உண்டு. விமானச் செலவு வருகிற அணிகளுடையது. தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் எல்லாம் நடத்தும் நாட்டின் பொறுப்பு என்பதுதான் பொதுவான வழக்கம். ராணுவ முகாம்களிலேயே இடம் ஒதுக்குவதால் ஹோட்டல் செலவு குறையும். ஆனா, வெளிநாட்டுச் சிப்பாய்களைத் தன் முகாமுக்குள் விடுவது எந்த நாட்டுக்கும் சாதாரண விஷயமில்லை. எந்தக் கொடி எங்கே, எந்த தேசிய கீதம் எப்போது, எந்த இரண்டு அணிகளை ஒரே பஸ்ஸில் ஏற்றக் கூடாது... இதற்கெல்லாம் தனி ஆளே போடணும்.

குளத்தில் இறங்கிவிட்டால் மட்டும் பதவி மறந்துவிடும். கேப்டன் பக்கத்து லேனில் கார்ப்பரல் நீந்துவார், ஜெயிப்பார். நடுவில் ஒரு நாள் போட்டியே வைக்காமல் எல்லா அணிகளையும் ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிப்போகும் வழக்கமும் இந்த ராணுவப் போட்டிகளில் உண்டு. எனக்கென்னவோ பதக்கத்தைவிட அந்த ஒரு நாள்தான் மனசில் நிற்கும்னு தோணுது.

நீங்களும் செய்யக்கூடிய ஒரே பிரிவு

இத்தனை பிரிவுகளில் தசை பலமோ நீச்சல் பயிற்சியோ தேவைப்படாதது ஒன்று உண்டு. கயிறு எறிதல். கரையில் ஒருவர், 12 மீட்டர் தள்ளி தண்ணீரில் ஒருவர். கையில் சுமார் 17 மீட்டர் நீளக் கயிறு. நுனியில் எடை எதுவும் கட்டக்கூடாது. விசில் அடித்ததும் கயிற்றைச் சுருட்டி, எறிந்து, அவர் பிடித்ததும் இழுத்துக் கரை சேர்க்கணும். 45 வினாடி வரை டைம். நல்ல அணிகள் பத்து, பதினைந்து வினாடிகளில் முடித்துவிடும். முதல் எறி தவறினால் பதற்றத்தில் கயிறு சிக்கிக்கொள்ளும். உலகத் தர நீச்சல் வீரர்களே இதில் கோட்டை விடுவாங்க. எறிபவர் தன் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டிஸ்குவாலிஃபை. அந்த விதி ஏன் இருக்கு தெரியுமா? கரையை விட்டு இறங்கிட்டா நீங்களும் காப்பாற்றப்பட வேண்டிய ஆள் ஆயிடுவீங்க.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்யும் எண்ணிக்கை ஆண்டுக்கு 35,000-ஐத் தாண்டுகிறது. ‘நண்பனைக் காப்பாற்றப் போன மூவரும் பலி’ன்னு ஏரி, கல்குவாரி, தடுப்பணைச் செய்திகளை நீங்க எத்தனை முறை ஸ்க்ரோல் பண்ணிக் கடந்திருப்பீங்க? அந்த மூன்று பேரும் தைரியசாலிகள்தான். கையில் கயிறு இல்லை, அவ்வளவுதான்.

அதனால் அடுத்த முறை டீமோட தண்ணி பக்கம் போகும்போது பைக்கில் ஒரு நைலான் கயிறு இருக்கட்டும். மூடி போட்ட காலி தண்ணீர் கேன் ஒன்றை நுனியில் கட்டிக்கலாம், இது போட்டி இல்லையே! யாராவது தத்தளித்தால் முதலில் ஆளை விட்டு 112-க்கு போன் போடச் சொல்லுங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டு, உங்களைப் பார்க்க வையுங்க. கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் தலைக்கு மேலாக, அவரைத் தாண்டி விழுகிற மாதிரி எறியுங்க. கயிறு தோள் மேல் விழும், கை தானாகப் பிடிக்கும். பிடித்ததும் நின்றபடி இழுக்காதீங்க. உட்காருங்க, முடிஞ்சா படுத்துடுங்க. இல்லைன்னா அவர் இழுக்கிற இழுப்பில் நீங்க உள்ளே போயிடுவீங்க.

முதல் எறி தவறினால் கயிற்றை அழகாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஈரக் கயிற்றைக் காலடியில் குவியலா இழுத்துப் போட்டு, உடனே அடுத்ததை எறிங்க. போட்டியில் பதக்கம் வாங்குபவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.