ஐ.கியூ. என்பது என்ன? நானுஓயாவிலும் வன்னியிலும் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வரும் வாரத்தில் நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் "மொக்கு" என்ற சொல் தாராளமாகப் புழங்கும். வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளைக்குப் பத்து வயதில் ஒட்டப்படும் பெயர் அது. முதலாம் வினாத்தாள் நுண்ணறிவை அளக்கிறது என்று பரவலாகச் சொல்லப்படுவதால், அந்தப் புள்ளியைப் பிள்ளையின் மூளைக்கான தீர்ப்பாகவே பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். வன்னியில் வேறொரு பயம். இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடம் இல்லாமல் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அறிவே மங்கிவிட்டதா என்று கேட்கிறார்கள். இவ்விரு கூட்டமும் வேறு வேறல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் யுத்தத்தின் நடுவிலும் அகப்பட்டவை.

முதலில், ஐ.கியூ. என்றால் என்ன?

தமிழில் நுண்ணறிவு ஈவு. 1905இல் பாரிஸில் அல்பிரட் பினே, தியோடர் சிமோன் இருவரும் முதல் சோதனையை உருவாக்கினார்கள். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்கு மேலதிக உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதே நோக்கம். வடிகட்டி ஒதுக்குவதற்காக அது வரவில்லை. பிள்ளையின் அறிவு மாறாத ஒன்று என்ற கருத்தைப் பினே ஏற்கவுமில்லை. 1912இல் வில்லியம் ஸ்டேர்ன் மனவயதை உண்மை வயதால் வகுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பின்னர் அதை 100ஆல் பெருக்கும் வழக்கம் வந்தது. எட்டு வயதுப் பிள்ளை பத்து வயதுக்குரிய வினாக்களைச் செய்தால் 125. இன்று அந்த வகுத்தல் கைவிடப்பட்டுவிட்டது. ஒரே வயதினரின் சராசரியை 100 என்று வைத்து, பிள்ளை அதற்கு மேலா கீழா என்று பார்க்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 85க்கும் 115க்கும் இடையில் நிற்பார்கள். ஆகவே இது கொழுந்து நிறுக்கும் தராசில் வரும் கிலோ போன்ற அளவல்ல, வரிசையில் எந்த இடம் என்று சொல்லும் எண்.

புலமைப்பரிசில் முதலாம் தாள் ஐ.கியூ. சோதனையா?

இல்லை. கோலங்கள், தொடர்கள், தருக்கம் என்று வினாக்கள் ஒத்திருக்கும், அவ்வளவுதான். முறையான சோதனையைப் பயிற்சி பெற்ற உளவியலாளர் பிள்ளையைத் தனியே இருத்தி நடத்துவார். வினாக்களைப் பிள்ளை முன்பே பார்த்திருக்கக் கூடாது. இங்கோ கடந்தகால வினாத்தாள் புத்தகங்களும் தனியார் வகுப்புகளும் இரண்டு வருடம் பயிற்றுகின்றன. வகுப்புக் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளையும் முடியாத வீட்டுப் பிள்ளையும் ஒரே தாளை எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறுவதே, புள்ளியில் வசதியும் கலந்திருக்கிறது என்பதற்குச் சான்று. (முகநூலில் வரும் பத்து நிமிட ஐ.கியூ. சோதனைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.)

பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறதா?

பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. உயரத்துக்கும் அப்படித்தான். ஆனால் சோறு போதாவிட்டால் உயரமான தகப்பனின் பிள்ளையும் குட்டையாகும். அரசின் 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். அதே பிள்ளைகள்தான் அடுத்துவந்த ஆண்டுகளில் இந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்தார்கள். எலும்புக்குப் போதாத உணவு மூளைக்கு மட்டும் எப்படிப் போதும்? அயடீன் குறைவும் இரும்புச்சத்துக் குறைவும் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால்தான் இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமானது.

பள்ளிக்கூடமும் அந்த எண்ணை மாற்றும். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டி 2018இல் வெளியான ஆய்வு, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு ஆண்டும் ஐ.கியூ.வை 1 முதல் 5 புள்ளி வரை உயர்த்துகிறது என்று கண்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். அதுவரை பல தோட்டங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அந்தத் தலைமுறையின் "அறிவை" அளந்திருந்தால் உண்மையில் எதை அளந்திருப்போம்?

கவலையும் யுத்தமும் அறிவைக் குறைக்குமா?

தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு பயிரிடும் 464 விவசாயிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2013இல் வெளியானது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத காலத்தில் ஒரு சோதனை; அறுவடைப் பணம் வந்தபின் இன்னொன்று. அதே மனிதர்கள் இரண்டாவது தடவை தெளிவாகச் சிறப்பாகச் செய்தார்கள். மற்ற இடங்களில் செய்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை, விவாதம் தொடர்கிறது. ஆனாலும் சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அதில் புதுமை இருக்காது.

வடகிழக்கில் யுத்தநிறுத்த காலத்தில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், 92 வீதமானோர் குண்டுவீச்சு, செல்லடி, நெருங்கியவரின் மரணம் போன்ற கொடிய அனுபவங்களைக் கண்டிருந்தார்கள். நான்கில் ஒருவருக்கு மனவடு நோய் இருந்தது. ஞாபகத்திலும் படிப்பிலும் பாதிப்புத் தெரிந்தது. இரவில் கனவு கண்டு திடுக்கிட்டு எழும் பிள்ளைக்கு மறுநாள் வாய்ப்பாடு மனதில் நிற்காது. அதை அறிவுக்குறைவு என்று எழுதிவைப்பது தவறு, ஏனென்றால் மனவடுவுக்குச் சிகிச்சை உண்டு.

வாழ்க்கைக்கு ஐ.கியூ. எவ்வளவு உதவும்?

படிப்பில் யார் முன்னேறுவார் என்பதை அது ஓரளவு முன்கூட்டிச் சொல்கிறது. எல்லாவற்றையும் சொல்வதில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த பிள்ளைகள் கடையில் 98 வீதக் கணக்குகளைச் சரியாகச் செய்தார்கள். அதே கணக்கைத் தாளில் எண்களாகக் கொடுத்தபோது சரியானவை 37 வீதம்தான். 1985இல் வெளியான ஆய்வு இது. நம்மூரிலும், கொழுந்தில் எத்தனை கிலோ கழித்தார்கள், எதனால் அரைப் பேர் விழுந்தது என்று தாளும் பேனையும் இல்லாமல் கணக்குச் சொல்லும் பெண்களில் பலர் தாங்கள் படிக்காதவர்கள் என்று கூச்சப்படுகிறார்கள்.

புள்ளி குறைந்த பிள்ளைக்கு என்ன செய்யலாம்?

முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை வாய்திறந்து சொல்லாது. இரத்தச்சோகை இருக்கிறதா என்று கிளினிக்கில் கேளுங்கள். காலைச் சாப்பாடு, தூக்கம், வீட்டில் குடியும் சண்டையும் இவற்றைக் கவனியுங்கள். எழுத்துகளை மாற்றி மாற்றி வாசிக்கும் பிள்ளைக்கு வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். அதற்கும் நுண்ணறிவுக்கும் தொடர்பில்லை. பயம், கனவு, பேசாமல் ஒதுங்குதல் இருந்தால் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லலாம், அல்லது 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு அழைக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. அதற்குத் தோற்றப் புலமைப்பரிசில் சித்தி தேவையில்லை.