எழுத்துக்கு எழுத்து காசு

தந்தியில் சொல்லை எண்ணிக் காசு வாங்கினார்கள். எஸ்.எம்.எஸ். வந்தபோது எழுத்தை எண்ண வேண்டியதாயிற்று. ஒரு செய்தியில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து அடங்கும். தமிழில் எழுதினால் 70 தான். அதிலும் புள்ளி, கொம்பு எல்லாம் தனிக் கணக்கு. 'பொங்கல்' நமக்கு நான்கு எழுத்து, செல்போனுக்கு ஏழு! 70-ஐத் தாண்டினால் இரண்டு செய்திக்கான கட்டணம்.

பண்டிகை நாளில் இன்னொரு தொல்லை. மாதம் முழுவதற்கும் பேக் போட்டிருந்தாலும் தீபாவளி, பொங்கலன்று அது செல்லாது. அதனால் நானும் நண்பர்களும் முதல் நாளே வாழ்த்து அனுப்பிவிடுவோம், அதுவும் தமிழை ஆங்கில எழுத்தில் கோத்து.

2009-ல் வாட்ஸ்அப் தொடங்கியது. செய்தி இணையம் வழியே போனதால் எழுத்தை எண்ணும் வேலை ஒழிந்தது. 2016 ஜனவரியில் ஆண்டுக்கு ஒரு டாலர் என்றிருந்த கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். அதே செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலையும் சரிந்தது.

முழுக்க இலவசம் என்று சொல்ல மாட்டேன். டேட்டாவுக்குப் பணம் கட்டத்தான் செய்கிறோம். ஆனால் தமிழில் எழுதினால் செலவு கூடுமே என்று இன்று யாரும் யோசிப்பதில்லை. நம் வயதுக்காரர்கள் பலர் செல்போனில் தமிழைத் தமிழாகவே எழுதத் தொடங்கியது அதன் பிறகுதான். எனக்கு அதுவே பெரிய லாபம்.