தூத்தியா: கண் மருந்திலிருந்து ஸன் கிரீம் வரை

லுணுகலையின் பார்மஸிகளில் ஸன் கிரீம் டியூப் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், சிலவற்றின் பின்புறம் ‘ஸிங்க் ஒக்ஸைட்’ என்றிருக்கும். கைக்குழந்தைகளின் அரையிடுக்குப் புண்ணுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பிலும், வேர்க்குருவுக்குப் பூசும் இளஞ்சிவப்புக் கலமைனிலும் இருப்பது இதே பொருள்தான். கலமைனின் சிவப்பு, அதில் சேரும் கொஞ்சம் இரும்பு ஒக்ஸைட்டால் வருவது. நம் பழைய ஹகீம்கள் இந்த வெள்ளைத் தூளைத் ‘தூத்தியா’ என்றார்கள்.

இதை வைத்து “ஸன் கிரீமைக் கண்டுபிடிச்சதே நம்மவங்கதான்” என்று மேடையில் ஒருவர் பேசிவிடலாம், கைதட்டும் விழும். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. அது சொல்வது இதைவிடச் சுவையானது.

பத்தாம் நூற்றாண்டுப் புவியியலாளர் அல்-முகத்தஸி, ஈரானின் கிர்மான் பகுதியிலிருந்து குழாய் வடிவில் வரும் தூத்தியாவைப் பற்றி எழுதியிருக்கிறார். குழாய் வடிவம் எப்படி வந்தது? துத்தநாகத் தாதுவை உலையில் கரியோடு சேர்த்துச் சூடேற்றினால் உலோகம் 907 பாகை செல்சியஸில் ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றைத் தொட்டதும் எரிந்து வெள்ளைத் தூளாகும். உலைக்குள் களிமண் குச்சிகளை வைத்தால் தூள் அவற்றின் மேல் படியும். பிறகு தட்டி எடுத்தால் குழாய்போல வரும். மூன்று நூற்றாண்டு கழித்து அதே கிர்மான் வழியே போன மார்க்கோ போலோ, கோபினான் என்ற ஊரில் உலைக்கு மேல் இரும்புக் கம்பித்தட்டு வைத்துப் புகையைப் படிய விடுவதைச் சொல்கிறார். அது கண்ணுக்கு நல்லதென்றும் எழுதிவைத்தார்.

கண்ணுக்குத்தான் அது பேர்போனது. இப்னு ஸீனா (மறைவு 1037) தம் ‘கானூன்’ நூலில் தூத்தியாவுக்கு இடம் கொடுத்தார். பக்தாதின் கண் வைத்தியர் அலீ இப்னு ஈஸாவின் நூல் பல நூற்றாண்டுகள் கண் வைத்தியத்தின் பாடப்புத்தகமாக இருந்தது. கழுவிச் சுத்தம் செய்த தூத்தியா கண் எரிச்சலுக்கும், நீர் கசியும் புண்ணை உலர்த்தவும் பயன்பட்டது. வெயிலுக்கு என்று யாரும் அதைப் பேர் சொல்லிக் கொண்டாடவில்லை. பேசியிருக்கவும் முடியாது: கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் என்று ஒன்று இருப்பதை ஜெர்மனியின் ரிட்டர் கண்டதே 1801இல்தான்.

தமிழாசிரியைக்குச் சொல்லில்தான் மனசு நிற்கும். சமஸ்கிருதத்தில் துத்த, தமிழில் துத்தம், அரபியிலும் பாரசீகத்திலும் தூத்தியா, ஆங்கிலத்தில் டட்டி. கப்பல் வணிகர் துத்தநாக உலோகத்தை ‘டூட்டனேக்’ என்றார்கள். எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குச் சொல் போனது என்று அறிஞர் சண்டை பிடிக்கட்டும்; சரக்கோடு சொல்லும் கப்பலேறியது நிச்சயம். ஆனால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு. மயில்துத்தம், உருதில் ‘நீலா தோத்தா’, என்பது செப்பு சல்பேட், விஷம். சித்த வைத்தியத்தில் நாகம் என்றால் துத்தநாகம், ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் ஈயம். பழைய ஏட்டைப் பார்த்து வீட்டிலே மருந்து அரைக்கப் போகிறவர்கள் இந்த ஒரு இடத்திலேயே உயிரை விட்டுவிடலாம்.

உலோகத்தைத் தூளாக விடாமல் பிடிப்பது வேறு வித்தை. ராஜஸ்தானின் ஸாவர் மலையில் கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஆவியைக் காற்றுப்படாமல் கீழே குளிரவைத்து அதைச் செய்தார்கள். அந்தக் கதைக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

ஸிங்க் ஒக்ஸைட் வெயிலை எப்படித் தடுக்கிறது? கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புகிறது என்பது பாதி உண்மை. பெரும்பாலும் அது புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது; தோலைச் சுடும் குறுங்கதிரையும், ஆழம் போகும் நெடுங்கதிரையும் சேர்த்தே. முகத்தில் தெரியும் வெள்ளை, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூள் சிதறடிப்பதால் வருவது. துகளைப் பொடிசாக்கினால் வெள்ளை குறையும். அமெரிக்காவில் 25 சதவீதம் வரை சேர்க்க அனுமதி உண்டு.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இன்னொரு துத்தநாகம் இருக்கிறது. தேயிலைக்கு ஸிங்க் சல்பேட் கரைத்துத் தெளிப்பது வழக்கம், இலைக்குச் சத்து. கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி வெயிலில் அந்தக் கொழுந்தை எடுக்கும் பெண்களுக்கோ தலையில் போட்ட துணிதான் பாதுகாப்பு.

வகுப்பில் பிள்ளைகள் என்னிடம் கேட்பது வேறு. “டீச்சர், இதப் பூசினா வெள்ளையாகலாமா?” என்று கேட்டுக் காட்டுவது ஸன் கிரீமை அல்ல, வெள்ளையாக்கும் கிரீமை. ஸிங்க் தரும் வெள்ளை சோப்புப் போட்டால் போய்விடும். பாதரசம் கலந்த கிரீம் தோலின் நிறப்பொருள் உருவாவதையே தடுத்து, உடம்புக்குள் ஊறி, சிறுநீரகத்தைத் தாக்கும். மினமாட்டா உடன்படிக்கை 2013இல் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள தோல்வெளுப்புக் கிரீம்களுக்கு 2020ஐக் கடைசி ஆண்டாக வைத்தது. இப்போதும் டப்பாவின் பின்புறத்தில் ‘கலொமல்’, ‘மெர்க்குரிக்’ என்ற சொற்களைத் தேடச் சொல்கிறேன். பொருள் பட்டியலே அச்சிடாத டப்பா என்றால் வாங்கவே வேண்டாமென்றும்.