ஐந்து கல்லும் ஒரு சுண்டும்

கொக்கான் வெட்ட ஐந்து கல் போதும். உருண்டையாகவும் கையில் உறுத்தாததாகவும் பார்த்துப் பொறுக்க வேண்டும். ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுவதற்குள் நிலத்தில் கிடக்கும் நாலில் ஒன்றை எடுத்து, எறிந்த கல்லையும் ஏந்த வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக நாலையும் எடுப்பது முதற்கட்டம். அடுத்த கட்டத்தில் இரண்டிரண்டாக எடுக்க வேண்டும். அதற்கடுத்து மூன்றை ஒருமிக்க வாரி, மிச்சம் ஒன்றைத் தனியே எடுக்க வேண்டும். கடைசியில் நாலையும் ஒரே வாரலில் அள்ள வேண்டும். விளையாடும் சிறுமிக்கு இது கணக்கு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நாலு என்பது இரண்டும் இரண்டும், மூன்றும் ஒன்றும் என்பதை அவளுடைய விரல்கள் அறிந்துவிட்டன. கூட்டல் வாய்பாடு அவளிடம் வந்து சேர இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கும்.

வன்னிப் பிள்ளைகள் எண் பழகிய கதை பெரும்பாலும் இப்படி முற்றத்திலும் களத்திலும் குசினியிலும்தான் கிடக்கிறது. பள்ளிக்கூடம் அங்கே பிந்தித்தான் வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிசன் பாதிரிமார் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வைத்தார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கென்று ஒன்றைத் தொடங்கினார். ஆனையிறவைத் தாண்டிய வன்னிப் பெருநிலப்பரப்பிலோ காடும், குளமும், மலேரியாக் காய்ச்சலும், குளத்தடியில் ஒட்டிக்கிடந்த சிறு கிராமங்களும்தான் இருந்தன. அங்கே பிறந்த பிள்ளைக்கு எண் சொல்லிக்கொடுத்த முதல் இடம் நெற்களம்.

வன்னியில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி ஜே. பி. லூயிஸ், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றி 1895இல் ஒரு கையேடு வெளியிட்டார். அவருடைய கவனத்தை மிகவும் ஈர்த்தவற்றில் ஒன்று களத்து மொழி. அதற்கென்று தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். சூடு மிதிக்கும் களத்தில் அன்றாடச் சொற்களைப் புழங்கக் கூடாது. நெல்லைக் கவர்ந்துபோகப் பூதங்கள் காத்திருக்கின்றன, வழமையான பேச்சு அவற்றுக்கு விளங்கிவிடும் என்பது நம்பிக்கை. ஆகவே மாட்டுக்கும் வைக்கோலுக்கும் கடகத்துக்கும் களத்தில் வேறு வேறு பெயர்கள் இருந்தன. குறைவையும் இன்மையையும் காட்டும் சொற்கள் வாயில் வரவே கூடாது. தூற்றி முடித்த குவியல் 'பொலி'. அதை அளக்கத் தொடங்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று எண்ணுவது தமிழர் களங்கள் பலவற்றில் இருந்த வழக்கம். லாபம், இரண்டு, மூன்று என்று மரைக்கால் மரைக்காலாக எண்ணிக்கை ஏறும்.

களத்தோரம் குந்தியிருக்கும் பிள்ளை இதிலிருந்து எதைப் படித்தது? 1978இல் ரோச்செல் கெல்மன், ராண்டி காலிஸ்டல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் குழந்தைகள் எண்ணும் விதத்தைப் பற்றி ஒரு புகழ்பெற்ற நூல் எழுதினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல், சொற்களின் வரிசை மாறாமை, கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தம்: இவை மூன்றும்தான் எண்ணுவது எப்படி என்பதற்கு அவர்கள் சொன்ன அடிப்படைகள். எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணலாம் என்ற இரண்டையும் அவற்றோடு சேர்த்தார்கள். வரிசை நிலையாக இருக்கும்வரை சொல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்பதும் அவர்களின் வாதம். வன்னிக் கமக்காரன் 'ஒன்று' இருந்த இடத்தில் 'லாபம்' வைத்து எண்ணியபோது கணக்கு ஒரு மணியும் பிசகவில்லை. அளவு ஒன்று விழ, சொல் ஒன்று விழுந்தது. கடைசிச் சொல்லில் அந்த வருடத்துச் சாப்பாடு இருந்தது. இதைவிட நல்ல முதற்பாடத்தை எந்தப் பாடநூலிலும் காண்பது கடினம்.

எழுத்துக்கு விஜயதசமி உண்டு. கோயிலிலோ வீட்டிலோ பிள்ளையை மடியில் இருத்தி, அரிசியில் 'அ' எழுதுவித்து ஏடு தொடக்குவார்கள். எண்ணுக்கு அப்படி நாள் பார்த்ததில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று மனப்பாடம் செய்யக் கணக்கு ஏடுகள் இருந்தன என்பது உண்மை. முந்திரி என்ற 320இல் ஒரு பங்கிலிருந்து ஏறிச்செல்லும் பின்ன வரிசையைப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிப் படித்தார்கள். சென்னையில் அந்த மணல் எழுத்தைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், அதைத் தன் பள்ளியிலும் புகுத்தி 1797இல் நூலாக எழுத, அது 'மெட்ராஸ் முறை'யின் ஒரு பகுதியாக இங்கிலாந்துக்குப் போனது. ஆனால் ஏடெல்லாம் ஐந்து வயதுக்குப் பிறகுதான். அதற்கு முந்திய வயதுக்கு இருந்தது அம்மாவும் சுண்டும்.

சுண்டு என்பது அரிசி அளக்கும் சிறு அளவு. நாலு சுண்டு சேர்ந்தால் ஒரு கொத்து. பிற்காலத்தில் பல வீடுகளில் வெறுமையான பால்பேணியே சுண்டாகிவிட்டது. அடுப்பு மூட்டுமுன் அம்மா அரிசிப் பானைக்குள் பேணியை விட்டு, தலை தட்டி, சுளகில் கொட்டுவாள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை 'ஒண்டு, ரண்டு, மூண்டு' என்று கூடவே சொல்லும். மாமா சாப்பிட வருகிறார் என்றால் இன்னொரு சுண்டு. ஒன்று கூடினால் எவ்வளவு என்பதற்கு விடை அங்கே சுளகிலேயே குவிந்து கிடக்கும்.

எண்களை ஒப்புவிப்பதும் எண்ணுவதும் ஒன்றென்று நினைக்கும் பெற்றோர் பலர். 1990களின் தொடக்கத்தில் கேரன் வின் என்ற ஆய்வாளர் சிறு பிள்ளைகளிடம் விளையாட்டுப் பொருட்களைக் கொடுத்து 'இத்தனை தா' என்று கேட்டுப் பார்த்தார். வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் பலருக்கு மூன்றோ நாலோ கேட்டால் சரியாக எடுத்துத் தர முடியவில்லை. ஒரு கை நிறைய அள்ளித் தந்தார்கள். சொல் வாய்க்குள் வந்துவிட்டது, எண் இன்னும் கைக்கு வரவில்லை.

தமிழ் எண்பெயர்கள் பிள்ளைக்கு நன்றாகவே கைகொடுக்கின்றன. பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும், இருபது என்றால் இரண்டு பத்து என்று சொல்லே கணக்கைக் காட்டிவிடுகிறது. தடுக்குவது ஒன்பதன் குடும்பம்தான். எண்பதுக்குப் பிறகு வருவது தொண்ணூறு. எண்ணூறுக்குப் பிறகு தொள்ளாயிரம். பழந்தமிழில் ஒன்பதுக்கு இருந்த 'தொண்டு' என்ற பெயரின் சாயல் அவற்றில் இருக்கிறது. பிள்ளை அந்த இடத்தில் திணறினால் அதட்ட வேண்டியதில்லை, மொழியே அங்கே ஒரு படி விலகி நிற்கிறது.

களமும் சுளகும் எல்லா வீட்டுக்கும் வாய்க்கவில்லை. 1958இலும் 1977இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தன. அதற்குமுன், மலையகத் தோட்டத்தில் அவர்களின் உழைப்பைக் கணக்கப்பிள்ளைதான் எண்ணினார். கொழுந்து குறைந்த நாளுக்கு 'அரைப்பேர்' விழும். அரை என்ற பின்னத்தை அந்தப் பிள்ளைகள் முதலில் கேட்டது, அம்மாவின் சம்பளத்தில் பாதி போனபோதுதான். அவர்களைக் குடியமர்த்த உழைத்த அமைப்புகளில் முதன்மையானது காந்தியம். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் சோ. இராஜசுந்தரமும் 1970களின் பிற்பகுதியில் அதைக் கட்டியெழுப்பினார்கள். குடியேற்றங்களோடு சேர்த்து நூற்றுக்கணக்கான பாலர் பள்ளிகளையும் நடத்தினார்கள். சொந்தக் களமில்லாத பிள்ளைக்கும் எண்ணவும் பாடவும் ஓர் இடம் வேண்டும் என்பதை வன்னியில் பெரிய அளவில் செய்துகாட்டியவர்கள் அவர்களே. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அந்த யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர்தப்பிய டேவிட் நெடுங்காலம் தமிழ்நாட்டில் இருந்து, திரும்பி வந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார்.

பிறகு வந்தது போர். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும் அதைச் சூழ்ந்த முகாம்களிலும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டார்கள். களமும் முற்றமும் இல்லாத தறப்பாள் கொட்டிலில் வரிசைகள்தான் வாழ்க்கை: தண்ணீருக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, பெயர் பதிய ஒன்று. 2012 செப்டெம்பரில் கடைசிக் குடும்பமும் வெளியேறியது.

இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்தோறும் முன்பள்ளி இருக்கிறது. அது நல்லதே. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் கொப்பியில் நூறு வரை எழுதியிருக்கிறதா என்று தேடும் பெற்றோர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கொக்கான் தெரிந்த அம்மம்மாமார் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஐந்து கல் கேளுங்கள். சின்னப் பிள்ளைக்கு எறிந்து ஏந்த வராது, எறியவும் வேண்டாம். விழுங்கிவிடாத அளவுக்குப் பெரிய கல்லாகப் பார்த்துப் பாயில் பரப்பி, 'மூண்டு தா' என்று கேட்டாலே போதும். இன்று இரவு உலை வைக்கும்போது சுண்டையும் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள்.