கேப் டவுன் இமாம்



தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் இஸ்லாம் வேரூன்றிய வரலாறு, பெரும்பாலும் அடிமைகளின் வரலாறேயாகும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கீழைத் தீவுகளிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் மக்களை அடிமைகளாக அங்குக் கொண்டு சென்றனர். தம்மை எதிர்த்த தலைவர்களையும் நாடு கடத்தினர். அவ்வாறு 1780இல் திதோரேத் தீவிலிருந்து கைதியாக வந்த துவான் குரு என்னும் பெரியார், ராபன் தீவுச் சிறையில் திருக்குர்ஆனைத் தம் நினைவிலிருந்தே எழுதினார். விடுதலைக்குப்பின் அடிமைகளுக்கும் பாடம் புகட்டினார். ஒதுக்கப்பட்டோரின் புகலிடமாகவே அம்மார்க்கம் அந்நகரில் வளர்ந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இம்மரபில் 1967இல் பிறந்தவர் முஹ்சின் ஹென்றிக்ஸ். அவருடைய பாட்டனார் மார்க்க அறிஞர். அவரும் பாகிஸ்தானின் கராச்சி நகருக்குச் சென்று சமயக் கல்வி கற்றுத் திரும்பினார். 1991இல் மணம் புரிந்தார், மக்களையும் பெற்றார். ஆயினும், தாம் தன்பால் ஈர்ப்புடையவர் என்னும் உண்மை அவர் உள்ளத்தை வருத்திற்று. 1996இல் மணவாழ்க்கை முடிவுற்றது. தம் இயல்பை அவர் வெளிப்படையாக உரைத்தார்.

அதே 1996ஆம் ஆண்டில்தான் தென்னாப்பிரிக்கா தன் புதிய அரசியலமைப்பை நிறைவேற்றியது. நிறத்தாலும் சமயத்தாலும் மட்டுமன்றிப் பாலீர்ப்பாலும் எவரையும் வேறுபடுத்துதல் ஆகாது என அது விதித்தது. சட்டம் உரிமை தந்தது. ஆனால் தொழுகை அணியில் அச்சமின்றி நிற்கும் இடத்தைச் சட்டம் தர இயலுமா? இக்கேள்விக்கே ஹென்றிக்ஸ் தம் வாழ்நாளை ஈந்தார். தம்மைப் போன்றோரை அழைத்து, தேநீர் அளித்து, மனம் விட்டுப் பேச வைத்தார். சிறு கூட்டம் ஓர் அமைப்பாயிற்று. 2011இல் யாவரும் கூடித் தொழும் இடமும் உருவாயிற்று. 2018இல் அவர் நிறுவிய அறக்கட்டளைக்கு, ‘அந்நியப்பட்டோர்’ என்னும் பொருள் தோன்ற, ‘அல் குர்பா’ எனப் பெயரிட்டார்.

அவர் மார்க்கத்தைத் துறந்தவர் அல்லர். மார்க்க நூலைக் கொண்டே வாதிட்டார். லூத் நபியின் காலத்து மக்கள் தண்டிக்கப்பட்டது வன்முறைக்காகவும் விருந்தினரை இழிவுபடுத்தியதற்காகவுமே என்பது அவர் விளக்கம். உலமாக்களில் மிகப் பெரும்பாலோர் இதனை ஏற்கவில்லை. ஆண் பெண் திருமணத்துக்குப் புறம்பான உறவு விலக்கப்பட்டது என்பதே நெடுங்காலத் தீர்ப்பு என அவர்கள் கூறினர். இரு பக்கமும் அறிந்தால்தான் வரலாறு தெளிவுறும்.

அவர் தனித்தும் நிற்கவில்லை. 2009இல் கனடாவின் டொரான்டோவிலும், 2012இல் பாரிசு நகர்ப்புறத்திலும் இத்தகைய தொழுமிடங்கள் தோன்றின. பாரிசில் அதனைத் தொடங்கியவர் அல்ஜீரியாவில் பிறந்த லுடோவிக் முகம்மது ஜாஹித் என்பவர்.

ஹென்றிக்சுக்கு அச்சுறுத்தல்கள் வந்தன. மெய்க்காவலர் வைத்துக்கொள்ளுமாறு சிலர் வேண்டினர்; அவர் இசையவில்லை. 2025 பிப்ரவரி 15 அன்று, முன்னர்ப் போர்ட் எலிசபெத் என வழங்கிய கெபேகா நகருக்கு அருகில், அவர் அமர்ந்திருந்த கார் வழிமறிக்கப்பட்டது. அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 57.

இனி ஒரு செய்தியை உங்கள் சிந்தனைக்கு வைக்கின்றேன். அவர் கொள்கையை இறுதிவரை மறுத்து வந்த கேப் முஸ்லிம் உலமா பேரவையே அக்கொலையை ஐயத்துக்கிடமின்றிக் கண்டித்தது. கருத்து வேற்றுமை வேறு, உயிர்ப்பறிப்பு வேறு என்னும் எல்லைக்கோடு அங்கே வரையப்பட்டது. அக்கோடு நிற்கும் வரையில்தான் எச்சமயத்திலும் வாதம் வாதமாக நடைபெறும். ஆராயும் உள்ளங்களும் அஞ்சாமல் வாழும். சொல்லுக்குச் சொல்லாலேயே விடை கூறுங்கள். இளைஞர்களாகிய நீங்கள் காக்கவேண்டிய கோடு அதுவே என்பேன்.