காட்டுயிர் உயிரியலாளர்: பணி வாய்ப்புகள்

விலங்குகளை அவை வாழும் இடத்திலேயே ஆராய்பவர் காட்டுயிர் உயிரியலாளர். விலங்கியல் பட்டத்தோடு காட்டுக்குள் போன தமிழர்களில் முன்னோடி, நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங் (1945–2024). சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், 1970களில் பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்; பிறகு 1982இல் தொடங்கப்பட்ட டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார்.

தமிழ்நாட்டில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியலில் முதுநிலைப் படிப்பு உண்டு. டேராடூன் நிறுவனத்திலும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை.

படித்த பின் வேலை இருக்கிறது. நிரந்தர வேலைதான் அரிது. 1916இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் அளவைத் துறையில் பணியிடங்கள் எப்போதாவதுதான் காலியாகும். இந்திய வனப்பணி பலருடைய கனவு. ஆனால் அது அடிப்படையில் நிர்வாகப் பணி, பொறியியல் படித்தவர்களும் தேர்வெழுதலாம். பெரும்பாலோருக்குக் கிடைப்பது திட்டப் பணி. 2018 புலிக் கணக்கெடுப்பில் தானியங்கிக் கேமராக்கள் எடுத்த படங்கள் மட்டும் சுமார் 3 கோடியே 48 லட்சம். அவற்றைப் பிரித்துப் பார்க்கவும் ஆள் வேண்டுமே! தமிழக அரசு 2022இல் அறிவித்த வரையாட்டுத் திட்டமும் இத்தகைய பணிகளைத் தருவதே. திட்டம் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும். தேசியத் தகுதித் தேர்வான ‘நெட்’டில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்; அதுவும் சில ஆண்டுகளுக்குத்தான்.

இத்துறையின் உண்மையான முகத்தைக் காண, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த வால்பாறைக்குப் போகலாம். யானைகள் அருகில் நிற்பது தெரியாமல் இருட்டில் நடந்து போனவர்களே அங்கு அதிகம் உயிரிழந்தார்கள். மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் யானைகளின் நடமாட்டத்தைக் கவனித்து, தோட்டத் தொழிலாளர்களின் கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். முக்கிய இடங்களில் சிவப்பு விளக்குகளை வைத்தார்கள். அந்த விளக்குகளைக் கைபேசியிலிருந்தே எரியவிடலாம். இப்பணிக்குத் தலைமை தாங்கிய எம். ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. யானையைப் படித்தால் மட்டும் இது நடக்காது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் உட்கார்ந்து பேசவும் தெரிய வேண்டும்.

அதிகம் பேசப்படாத வாய்ப்பு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. சாலை, சுரங்கம், அணை போன்ற பெருந்திட்டங்களுக்கான அறிக்கைகளில் உயிரினப் பட்டியல் தயாரிக்க ஆலோசனை நிறுவனங்கள் உயிரியலாளர்களைச் சேர்க்கின்றன. சம்பளம் தருபவர் திட்டக்காரர் என்பதால் மனசாட்சிக்குச் சோதனையும் உண்டு.

நிலையான ஊதியம் தேடுவோருக்கு எட்டக்கூடிய வழி இன்றும் கல்லூரி ஆசிரியர் பணிதான். அதற்கு ‘நெட்’ அல்லது மாநிலத் தகுதித் தேர்வான ‘செட்’டில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும்.