உணவிடும் சுற்றுலாவும் காட்டு விலங்கின் நடத்தையும்

தன் வாழிடத்தில் தானே இரை தேடி வாழும் விலங்கைப் பார்வையாளர் அருகிலிருந்து காணவும் படம் எடுக்கவும் வேண்டி, உணவைக் காட்டி அதனை ஓரிடத்துக்கு வரவழைப்பதும் அங்கேயே தங்க வைப்பதும் உணவிடும் சுற்றுலா எனப்படும். கடலில் முக்குளிப்போர் காண்பதற்காகச் சுறாக்களுக்கு மீன் துண்டுகளை இடுவது இதன் பெயர்பெற்ற வடிவமாகும். தமிழ்நாட்டில் இவ்வழக்கம் கடலைவிடக் காட்டில்தான் வேரூன்றியிருக்கிறது. நீலகிரி மாவட்டத்தின் சீகூர்ப் பகுதியில் விடுதிகளின் புழைக்கடைக்கு வரும் ஆண் யானைகளும், சத்தியமங்கலம் காட்டுச் சாலையில் கரும்பு லாரிகளுக்குக் காத்து நிற்கும் யானைகளும், மலைப்பாதை வளைவுகளில் வண்டிகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் நாட்டுக்குரங்குகளும் இதன் பல முகங்கள். இவ்வாறு உணவிடுவதால் விலங்கின் நடத்தை மாறுகிறதா என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த விடை இல்லை. ஓர் இனத்தின் கூட்டம் முழுவதையும் சராசரியாக அளந்த ஆய்வுகளில் மாற்றம் சிறிதாகவே தென்படுகிறது. தனித்தனி விலங்குகளை அடையாளம் வைத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில் அது பெரிதாகத் தெரிகிறது. இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல; உணவின் விளைவு எல்லா விலங்கின் மேலும் சமமாக விழுவதில்லை, ஒரு சிலவற்றின் மேலேயே குவிகிறது.

மாற்றம் நிகழும் முறை

விலங்கு மனிதருக்கு அஞ்சாமல் போவதையும் மனிதரிடம் உணவை எதிர்பார்ப்பதையும் நடத்தையியல் பிரித்தே பார்க்கிறது. தீங்கு எதுவும் நேராமல் ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வரும்போது அதற்கு எதிர்வினை காட்டுவதை விலங்கு விட்டுவிடுவது பழக்கப்படுதல். முதுமலைச் சாலையோரம் வண்டிகள் கடந்து போவதைத் தலைநிமிர்ந்தும் பாராமல் மேயும் புள்ளிமான்கள் இந்நிலையை அடைந்தவை. ஒரு செயலுக்குப் பின் பரிசு கிடைப்பதை அறிந்து அச்செயலை வேண்டுமென்றே மீண்டும் செய்வது ஆக்கநிலையிறுத்தம். வண்டி நிற்கும் ஓசை கேட்டதும் காட்டிலிருந்து இறங்கிச் சாலைக்கு வரும் குரங்கிடம் இதனைக் காணலாம். முன்னது விலங்குக்குப் பெரும்பாலும் கேடற்றது. பின்னது அப்படியன்று, பரிசு ஒவ்வொரு முறையும் கிடைக்காமல் எப்போதாவது மட்டும் கிடைக்குமானால் அப்பழக்கம் தேய்வதற்குப் பதிலாக இன்னும் ஆழமாகப் பதியும் என்பது உளவியலில் நெடுங்காலமாக நிறுவப்பட்ட உண்மையாகும். பத்து வண்டிகளில் ஒன்று மட்டும் வாழைப்பழம் வீசினாலும் போதும், மற்ற ஒன்பதையும் அந்த யானை வழிமறிக்கும். உணவிடுவோர் மிகச் சிலரே என்ற சமாதானம் பொருளற்றுப் போவது இதனால்தான்.

கடலில் கிடைத்த சான்றுகள்

சுறாக்களைப் பற்றிய முடிவுகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. உணவிட்டு நடத்தும் முக்குளிப்பை அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2001-இல் தடைசெய்ய முடிவெடுத்தது. அருகிலுள்ள பகாமாஸ் தீவுகளில் அது தொடர்ந்தது. இவ்விரு கடற்பகுதிகளின் புலிச்சுறாக்களுக்கும் செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தி ஒப்பிட்ட ஆய்வு 2012-இல் வெளிவந்தது. உணவிடும் பகுதியைச் சேர்ந்த சுறாக்கள் அங்கேயே முடங்கவில்லை என்பதோடு, மற்றவற்றைவிடப் பரந்த கடலில் அலைந்தன என்றும் அது கண்டது. பிஜித் தீவின் காளைச்சுறாக்கள் தமக்கு இடப்படும் மீனை வாழ்வாதாரமாகக் கொள்ளவில்லை என்று அவற்றின் திசுக்களை ஆராய்ந்தோர் கூறினர். ஆனால் தென் ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளில் இரைநெடி காட்டிப் பெருவெள்ளைச் சுறாக்களை அழைக்கும் படகுகள் 2007-க்குப் பின் பெருகியபோது, சுறாக்கள் அங்குத் தங்கும் நாள்களும் கூடின. பிலிப்பைன்ஸ் நாட்டின் ஒஸ்லோபில் 2011 முதல் சிறு இறால் ஊட்டப்பட்டுவரும் திமிங்கிலச் சுறாக்களுள் சில மாதக்கணக்கில் அவ்விடத்தை விட்டு அகலாமல், படகுகளுக்கு விலகும் இயல்பையும் இழந்து, உடலில் வடுக்களோடு திரிகின்றன. அதே கடலுக்கு வரும் வேறு சிலவோ ஓரிரு நாளில் போய்விடுகின்றன. மிகத் தெளிவான மாற்றம் சுறாவின் உறவினமான திருக்கையில் பதிவாகியுள்ளது. கேமன் தீவுகளில் மீனவர் கழிவுமீன் கொட்டிய மணல்திட்டு 1980-களில் சுற்றுலாத் தலமாக மாறியபின், இரவில் தனித்து இரைதேடும் அவ்வினத் திருக்கைகள் அங்குப் பகலில் கூட்டமாகத் திரியத் தொடங்கியதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சீகூர்

நீலகிரி மலையின் வடகிழக்கு அடிவாரத்தில், மழைமறைவில் அமைந்த வறண்ட பீடபூமி சீகூர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையில் யானைகள் வந்துபோகும் வழி இதன் ஊடாகச் செல்வதால், தமிழக அரசு 2010-இல் இதனை யானை வழித்தடமாக அறிவித்தது. மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம் ஆகிய ஊர்களைச் சுற்றி விடுதிகள் அதற்கு முன்பே பெருகியிருந்தன. உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் 27 விடுதிகளை மூடி முத்திரையிட ஆணையிட்டு, 2020 அக்டோபரில் வழித்தட அறிவிக்கை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. யானையை அருகில் காட்டுவதே விருந்தினரை ஈர்க்கும் வழியாக இருந்ததால், பலாப்பழமும் தர்ப்பூசணியும் பப்பாளியும் வைத்து அவற்றை வரவழைக்கும் வழக்கம் இங்கு உருவாயிற்று. இவ்வாறு உணவுக்குப் பழகிய 11 ஆண் யானைகளைப் பதிவுசெய்த ஆய்வாளர்கள், அவற்றுள் நான்கு மனிதரால் நேர்ந்த காரணங்களால் இறந்திருக்கக்கூடும் என்று கருதுகின்றனர். ஒரு பகுதியின் யானைத் தொகையில் பதினொன்று என்பது சிற்றளவே; சராசரியில் அது கரைந்துவிடும். அந்தப் பதினொன்றில் நான்கு என்பதோ மூன்றில் ஒன்றுக்கு மேல்.

இங்கு இவ்வாறு பழகுபவை ஏறத்தாழ அனைத்தும் ஆண்களாக இருப்பது தற்செயலன்று. பெண் யானைகள் கன்றுகளோடு கூட்டமாக வாழ்வதால் ஊர்ப்பக்கம் வரத் தயங்குகின்றன. பருவமடைந்த ஆண் யானை கூட்டத்தைவிட்டுப் பிரிந்து தனியே திரிகிறது. உடல் பெருத்து மதநிலைக்கு வரும் ஆணுக்கே இனப்பெருக்க வாய்ப்பு மிகுதி என்பதால், சத்துமிக்க உணவுக்காக ஆபத்தை ஏற்கும் துணிவு அதனிடம் இயல்பாகவே உண்டு. வாழைத்தாரும் கரும்பும் அத்துணிவுக்குக் கிடைக்கும் மலிவான கூலியாகின்றன. தந்தத்துக்காக ஏற்கெனவே ஆண்கள் வேட்டையாடப்பட்டு அருகிய நிலப்பகுதியில் மேலும் சில ஆண்களை இழப்பது, எண்ணிக்கை காட்டுவதைவிடப் பெரிய இழப்பாகும்.

ஊரோரம் நடமாடும் யானைக்கு நேரக்கூடியது என்ன என்பதை 2021 ஜனவரியில் மசினகுடி அருகே நடந்த கொடுமை காட்டிற்று. விடுதி ஒன்றின் பக்கம் வந்த ஆண் யானையின் மேல் எரியும் பொருள் வீசப்பட்டது. காது கருகிக் கிழிந்த நிலையில் அலைந்த அந்த யானை, தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் 19-ஆம் தேதி இறந்தது.

கரும்பு லாரியும் மின்வேலியும்

சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடாக மைசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆசனூரை அடுத்துக் காரப்பள்ளம் சோதனைச்சாவடி இருக்கிறது. தாளவாடி, கர்நாடகப் பக்கங்களிலிருந்து சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் லாரிகள் இங்கே நின்றுதான் போகவேண்டும். யானைகள் இதனை அறிந்துகொண்டன. மாலையில் சாலையோரம் வந்து நின்று, லாரி வேகம் குறைத்ததும் குறுக்கே வந்து, பாரத்திலிருந்து துதிக்கையால் கரும்புக் கட்டை உருவி இழுத்துப் போட்டுத் தின்கின்றன. சீகூரைப் போலன்றி இங்குக் கன்றோடு வந்து நிற்கும் தாய் யானைகளும் உண்டு என்பதால், வண்டியை மறிக்கும் பாடம் அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்கிறது. எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குப் போகும் வண்டிகளின் பின்னால் ஓடிக் கரும்பு உருவிய நினைவு ஜெயங்கொண்டம், பெரம்பலூர் வட்டாரத்துச் சிறுவர் எவருக்கும் இருக்கும்; யானை செய்வதும் ஏறத்தாழ அதுவே. சிறுவன் பெரியவனாகி அதனை விட்டுவிடுகிறான், யானை விடுவதில்லை. ஓட்டுநர்கள் சிலர் அச்சத்தாலும் சிலர் இரக்கத்தாலும் தாமே கரும்பை வீசிவிட்டுப் போவது வழக்கமானதால், வனத்துறை அவர்களை எச்சரிப்பதோடு அபராதமும் விதித்துவருகிறது. இங்குச் சுற்றுலா நோக்கம் தொடக்கத்தில் இல்லை. யானை நிற்கும் காட்சி கைப்பேசிகளில் பரவியபின் அதனைக் காணவே வண்டியை நிறுத்துவோர் வந்து சேர்ந்தனர்.

சாலையோரம் உணவுக்குக் காத்து நிற்கும் யானைகளை இலங்கையிலும் காணலாம்; அங்குள்ள உடவளவை தேசியப் பூங்கா 1972-இல் அமைக்கப்பட்டது. அதன் தெற்கெல்லையில், தணமல்விலவுக்கும் எம்பிலிப்பிட்டியவுக்கும் இடையிலான சாலையை ஒட்டி மின்வேலி செல்கிறது. வேலிக்கு அப்பால் யானைகள் வரிசையாக வந்து நிற்க, இப்பால் பழக்கடைகள் முளைத்தன. வாகனத்தில் வருவோர் கடையில் வாங்கிய பழத்தை வேலியைத் தாண்டி நீட்டுவர். இக்காட்சியைப் பதினெட்டு ஆண்டுப் பதிவுகளின் துணையோடு யானை ஆய்வாளர் ஷெர்மின் டி சில்வாவும், சீகூரில் பணிபுரியும் ஆய்வாளர்களும் இணைந்து ஆராய்ந்து 2025-இல் வெளியிட்டனர். உடவளவை ஆண் யானைகளில் 9 முதல் 15 விழுக்காடு வரை இவ்வாறு உணவுக்கு வந்து நின்றன. பெரும்பாலானவை எப்போதாவது வருபவை. ராம்போ எனப் பெயர் பெற்ற ஆண் யானை போன்ற சிலவே வேலியோரத்தை வாழ்விடமாகக் கொண்டன. வேலியை உடைத்து வெளியேறவும், உணவோடு ஞெகிழிப் பைகளை விழுங்கவும் யானைகள் தலைப்பட்டதையும், மனிதர் சிலர் உயிரிழந்ததையும், யானைகளும் கொல்லப்பட்டதையும் அவ்வாய்வு குறிப்பிடுகிறது.

குரங்குகள்

தென்னிந்தியாவுக்கே உரிய நாட்டுக்குரங்கிடம் மாற்றம் இன்னும் நுண்மையாக நிகழ்ந்துள்ளது. பந்திப்பூரில் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. உணவு வைத்திருக்கும் மனிதரை நோக்கிக் கை நீட்டுவதும், தனி ஓசை எழுப்புவதும், எதிரிலிருப்பவர் தம்மைப் பார்க்கிறாரா என்று கவனிப்பதும் அக்குரங்குகளிடம் வழக்கமாகியிருந்தன. தம் இனத்தோடு பேசப் பயன்பட்ட ஓசையை வேறோர் இனத்திடம் உணவு கேட்பதற்கு அவை திருப்பிக்கொண்டுள்ளன என்று கொள்ளலாம். வால்பாறையின் புதுத்தோட்டத்தில், மரக்கிளைகளைவிட்டு இறங்கத் தயங்கும் இனமான சிங்கவால் குரங்கு, குப்பைத்தொட்டியையும் வீட்டுச் சமையலறையையும் நாடப் பழகியதும் ஆராயப்பட்டுள்ளது. ஆயினும் குரங்கு சாலைக்கு வந்ததற்கு உணவிடுவோரை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. நெடுஞ்சாலைகளை அகலப்படுத்தும்போது வெட்டப்பட்ட ஆலும் அத்தியும்தான் அவற்றின் உணவும் உறைவிடமுமாக இருந்தன. மைசூர் வட்டாரச் சாலையோரங்களில் நாட்டுக்குரங்கின் தொகை இருபத்தைந்து ஆண்டுகளில் பாதிக்கு மேல் குறைந்துபோனதாக 2017-இல் வெளியான கணக்கெடுப்பு கூறிற்று.

ஆதரவும் நிறுத்தமும்

உணவிடுதலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களுள் வலுவானது வருவாய் பற்றியது. உயிரோடிருக்கும் சுறா தன் துடுப்பின் விலையைவிடப் பன்மடங்கு ஈட்டித் தருவதால் மீனவர் அதனைக் கொல்லாமல் விடுகின்றனர். பிஜியில் முக்குளிப்போர் செலுத்தும் கட்டணம் மீன்பிடிப்பைக் கைவிட்ட சிற்றூர்களுக்குச் சேர்கிறது. இவ்வாதம் யானைக்குப் பொருந்தாது. சட்டத்தின் முழுக் காப்பில் உள்ள யானைக்குச் சுற்றுலா வருவாயால் புதிய காப்பு எதுவும் கிடைப்பதில்லை. கூடுவதெல்லாம் ஊருக்குள் அது எதிர்கொள்ளும் இடர் மட்டுமே. தமிழ்நாட்டில் பொருளாதாரத்தைவிடப் பக்தியே இதில் பெரிதும் இயங்குகிறது. கோயில் யானைக்குப் பழம் கொடுத்துப் பழகிய கை, காட்டு யானையைக் கண்டதும் அதே எண்ணத்தோடு நீள்கிறது. தண்டனை அறிவிப்புப் பலகைகள் எதிர்பார்த்த பயனைத் தராததற்கு இதுவும் ஒரு காரணம்.

பழக்கிய பின் நிறுத்துவதும் எளிதன்று. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் குப்பைமேடுகளை நம்பி வாழ்ந்த பழுப்புக் கரடிகளுக்கு, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மேடுகள் விரைவாக மூடப்பட்டன. உணவு தேடி முகாம்களுக்குள் வந்த கரடிகள் பெருமளவில் கொல்லப்பட்டன. சீகூரில் ரிவால்டோ என அழைக்கப்படும் ஆண் யானையின் வரலாறு வேறு வகையில் முடிந்தது. துதிக்கையின் நுனி அறுபட்டு, ஊராரும் விடுதியினரும் கொடுத்த பழங்களை உண்டு வாழைத்தோட்டத்தைச் சுற்றியே வாழ்ந்துவந்த அதனைப் பழங்களால் வழிகாட்டி யானை முகாமுக்கு நடத்திச்செல்ல 2021 தொடக்கத்தில் எடுத்த முயற்சியில், அது பாதி வழியில் விலகிக் காட்டுக்குள் ஓடியது. மே மாதம் மரக்கூண்டில் அடைக்கப்பட்டு, ஆகஸ்டு 2-இல் கழுத்தில் இருப்பிடம் காட்டும் ரேடியோ பட்டையோடு சிக்கஹல்லா காட்டில் விடப்பட்ட ரிவால்டோ, ஓரிரு நாளில் மலைக்காட்டைக் கடந்து வாழைத்தோட்டத்துக்கே திரும்பி வந்தது. மீண்டும் அதனைப் பிடித்து அடைக்காமல், ஆள் வைத்துக் கண்காணித்து அதற்கு யாரும் உணவு கொடாதபடி பார்த்துக்கொள்வது என்ற வழி அதன்பின் மேற்கொள்ளப்பட்டது. சீகூர் ஆய்வில், மனித உணவைவிட்டு இயற்கை மேய்ச்சலுக்குத் திரும்பியதாகக் குறிக்கப்படும் யானை ஒன்றே ஒன்றுதான்.